கத்தியில் சந்தனம்

"கத்தியில யாரு இப்படிச் சந்தனத்தை அப்பி வச்சது?"

மலேசியாவின் கிள்ளானில் சின்னையா குடும்பத்துக்குக் கீழே முடிதிருத்தும் கடை, மேலே வீடு. அவர் மாடியில் போட்ட சத்தம், கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்த வந்தவருக்கும் கேட்டிருக்கும்.

ஆயுத பூசை முடிந்து, சாமி மேடையிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல், சீப்பு, முடிவெட்டும் மெஷின் எல்லாம் பத்திரம். அவருடைய பழைய சவரக்கத்தியை விரித்தால், இரும்பு முழுக்கச் சந்தனம். சுரண்டிப் பார்த்தால் அடியில் செம்மண் நிறத்தில் துரு.

"நான்தான் மாமா," என்றாள் மருமகள் மலர்விழி.

"ஈரம் பட்டா துடைச்சு, எண்ணெய் தடவித்தான் மடக்கணும்னு இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்! நாளைக்குப் பத்துமலை முருகன் கோயில்ல கிஷனுக்கு மொட்டை. நான் எதை வச்சுப் போடுறது?"

கிஷன் மலர்விழியின் கைக்குழந்தை. சின்னையா தன் மகன் ஜீவனுக்கு முதல் மொட்டை போட்டதும் அதே கத்தியால்தான். பேரனுக்கும் தாத்தாதான் போடப்போகிறார் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஃபோன் அடித்துச் சொல்லியாச்சு.

"என்னா மலர் நீ? பொட்டு வைன்னா குளிப்பாட்டியா விடுவாங்க?" ஜீவனும் சேர்ந்துகொண்டான்.

மலர்விழி என்னவென்று சொல்வாள், பாவம்? போன வாரம் மாமா கிஷனுக்குத் திருநீறு பூசியபோது கை நடுங்கி, அத்தனையும் பிள்ளை கண்ணில் கொட்டியது. பிள்ளை வீறிட்டது. அன்றிலிருந்து பெற்றவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்தக் கையில் கத்தியா?

ஜீவனிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "அப்பா கை ஸ்டெடி லா! எத்தனை தலை பார்த்த கை!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். மாமாவிடம் நேராகச் சொல்லவோ மனசு வரவில்லை. அதனால், தெரிந்தேதான் சந்தனத்தைத் தண்ணியாகக் குழைத்து அப்பினாள்.

"கடையில பிளேடு மாட்டுற கத்தி இருக்கே மாமா. அதுல அவரு..."

"அதெல்லாம் உன் புருஷன் கஸ்டமருக்குப் போடட்டும். என் பேரனுக்கு இதுதான்!"

மத்தியானம் முழுக்க மனுஷன் இடத்தை விட்டு அசையவில்லை. மெஷினுக்கு விடுகிற எண்ணெயைச் சொட்டு விட்டார். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார், துடைத்தார், மறுபடி தேய்த்தார். அப்புறம் தோல்வாரில் சரக் சரக் என்று தீட்டும் சத்தம்.

ஐயோ, துரு போயிருச்சா? மலர்விழி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, முருகா முருகா என்று அங்கும் இங்கும் நடந்தாள்.

சாயங்காலம் சின்னையா எழுந்து வந்தார். கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

"ம்ஹும். துரு உள்ள இறங்கிருச்சு, போகல. ஜீவா, நாளைக்கு நீயே போட்டுடு. நான் பிள்ளையை மடியில வச்சுக்கறேன்."

அப்பாடா! ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் பத்துமலையில் தாத்தா மடியில் உட்கார்ந்தபடி, ஒரு கீறல் இல்லாமல் கிஷனுக்கு மொட்டை முடிந்தது. ஜீவன் அழகாகத்தான் போட்டான். சொந்தக்காரர்கள் யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் மலர்விழிக்கு மனசு உறுத்தியது. அந்த மனுஷன் கண்ணாகக் காத்த பொருளைப் பாழாக்கிவிட்டோமே. சாமி மேடையில் அவர் திருப்பி வைத்திருந்த கத்தியை எடுத்து, மெல்ல விரித்தாள்.

பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"மாமா..."

சின்னையா கூடத்தில் பேரனின் மொட்டைத் தலைக்கு மறுபடியும் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். கை நடுங்கி, பிள்ளையின் காதெல்லாம் சந்தனம். கிஷன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருசம் கைப்பிடியில மட்டும் பொட்டு வைம்மா," என்றார் நிமிராமலே. "இந்தக் கையைப் பத்தி எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நானும் இருந்தேன்."