அத்தைக்கு ஆப் பிடிக்காது

இதை எனக்குச் சொன்னது அந்த அத்தையின் மருமகளேதான். போன மாதம், பிரார்த்தனை முடிந்து இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள் அவள். புருஷனுக்கு ரொட்டிக் கடையில் ராத்திரி வேலை. மாமியாருக்கோ படுத்தால் பொட்டுத் தூக்கம் கிடையாது.

மாத்திரை வேண்டாம், பழக்கத்தை மாற்றினாலே தூக்கம் வரும் என்றார் டாக்டர். அதைச் சொல்லிக்கொடுக்க போனில் ஒரு ஆப் இருக்கிறது. நேரில் பேச வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் ஓர் ஆலோசகர் அம்மாவும் உண்டு.

"ஆப்பே போதும் அத்தை. வீட்டுல இருந்தபடியே பார்த்துக்கலாம்."

"போம்மா! தூங்கினேன்னாலும் 'அருமை'ங்குது, தூங்கலைன்னாலும் 'அருமை'ங்குது. அதுகிட்ட என்னத்தைச் சொல்லி அழ? எனக்கு முகம் பார்த்துப் பேசணும்."

அதனால் வாரா வாரம் மகன்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவும் வேலை விட்டு வந்த கையோடு. கண் இரண்டும் சிவந்து கிடக்கும்.

"பஸ்ல போலாமே அத்தை? நான் கூட வரேன்."

"அவன் வந்தாத்தான் எனக்குத் தெம்பு."

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் தூங்குவதற்காகப் பெற்ற பிள்ளையின் தூக்கத்தைப் பிடுங்கும் தாயும் உண்டா!

ஒரு நாள் அவன் தூக்கக் கலக்கத்தில் வண்டியோடு வாசல் கேட்டில் மோதிக்கொண்டான். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. இதுவே நடுரோடாக இருந்தால்?

அடுத்த தடவை அவளும் கிளம்பிவிட்டாள். அத்தை வாயைத் திறப்பதற்குள் ஆலோசகரிடம் கொட்டினாள்.

"இவங்களை ஆப்புக்கே மாத்திடுங்க மேடம். எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கணும்."

ஆலோசகர் அத்தையைப் பார்த்தார். "சொல்லிடலாமாம்மா?"

அத்தை தலையைக் குனிந்தபடி ஆட்டினாள்.

"உங்க அத்தைக்கு எப்பவோ சரியாகிடுச்சு. யாருக்கும் தெரியாம அந்த ஆப்பைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் ஒழுங்கா செய்யறாங்க. இனி வர வேண்டாம்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவைன்னு கெஞ்சறாங்க."

"அப்புறம் எதுக்கு அத்தை இந்த நாடகம்?"

அத்தை கதவைக் கொஞ்சமாய்த் திறந்து காட்டினாள். வெளியே, காத்திருப்பவர்களுக்கான நாற்காலியில், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான் மகன்.

"முதல் நாளே இப்படித்தான் அசந்துட்டான். இந்த ஒரு மணி நேரமாவது தூங்கட்டுமேன்னு..."

"ஏன், தூங்கறதுக்கு வீடு இல்லையா?"

அத்தை தயங்கினாள். சாமி மன்னிக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

"உன் தையல் மெஷின் சத்தம்மா. பகல் பூரா ஓடுதே. 'அவ ஆசையா செய்யற வேலை. தெரிஞ்சா நிறுத்திடுவா. மூச்சு விடாதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

உங்கள் வீட்டில் ராத்திரி வேலைக்குப் போய் வருகிறவர் யாராவது இருந்தால், 'பகல்ல தூங்க முடியுதா?' என்று இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.