குறுக்கே ஒரு வரப்பு

“வரப்பு எங்க போச்சு? எவன் அழிச்சது?”

கணினித் திரையைப் பார்த்துப் பெரியப்பா முனிரத்தினம் கத்திய கத்தலில் பானுமதியின் கை மவுஸிலிருந்து நழுவியது. விண்வெளியைச் சுற்றிக்காட்டும் ஒரு மென்பொருளுக்காக, ‘உயிர்களே இல்லாத கிரகம்’ செய்யும் போட்டிக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். அப்பாவும் பெரியப்பாவும் நடுவே வரப்பிட்டுப் பிரித்துக்கொண்ட, காய்ந்த மானாவாரிக் காட்டை ட்ரோனில் படமெடுத்து, அதையே கிரகத்தின்மேல் தோலாகப் போர்த்தியிருந்தாள்.

“நான்தாங்க பெரியப்பா அழிச்சேன். கோடு தெரிஞ்சா கிரகம் மாதிரி இருக்காதுங்க.”

“இன்னிக்குக் கம்ப்யூட்டர்ல அழிப்பீங்க, நாளைக்குக் காட்டுல அழிப்பீங்க! உங்கப்பன் சொல்லிக்கொடுத்தானா?”

உள்ளேயிருந்து அப்பா பாய்ந்து வந்தார். “அந்த வரப்பத் திரும்பப் போட்டுடும்மா. ஆனா என் பக்கம் ஒரு சாண் தள்ளி வரக் கூடாது, சொல்லிட்டேன்!”

ஆளுக்கொரு பக்கம் நின்று இருவரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். பானுமதி பல்லைக் கடித்துக்கொண்டு, வட துருவத்திலிருந்து தென் துருவம்வரை வரப்பை இழுத்துவிட்டு, கிரகத்தைப் போட்டிக்கு அனுப்பினாள்.

மறுவாரம் நடுவர்களின் பதில் வந்தது.

“அருமையான கிரகம். ஆனால் நிராகரிக்கிறோம். குறுக்கே ஓடும் அந்த நேர்க்கோடு, அங்கே அறிவுள்ள உயிர்கள் வாழ்வதைக் காட்டிக்கொடுக்கிறது.”