கடைசி வளைவின் டயர்

ஒரு பந்தய அணிக்கு முதல் சாம்பியன் கோப்பையை ஓடி வாங்கிக் கொடுத்த டயர் அது. தேய்ந்ததும் அதைக் கழற்றிக் கொண்டுபோய், ஓடுபாதையின் கடைசி வளைவில் சிமெண்டுச் சுவருக்கு முன்னால் தடுப்பாகக் கட்டிப்போட்டார்கள். அப்படியும் அதன் வாய் ஓயவில்லை.

"இதுவரைக்கும் அஞ்சு கோப்பை, சுவரே! அஞ்சும் நம்ம அணி அடிச்சது!"

"உன்னைத் தூக்கிக் கடாசினவங்க உனக்கு நம்ம அணியா?" என்று கேட்கும் சுவர்.

இறுதிப் பந்தயத்தன்று அணியின் புதுக் கார்தான் முன்னால் வந்தது. கடைசி வளைவில் வழுக்கி, சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. டயர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கொடுத்தது. நார்நாராகக் கிழிந்தது. காரோட்டி ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி நடந்தான்.

அணித் தலைவர் ஓடி வந்தார். 'என்னை அடையாளம் தெரியாமலா போகும்?' என்று டயர் பூரித்தது. அவர் அதை எட்டி ஓர் உதை விட்டார்.

"இந்தச் சனியன் மட்டும் குறுக்க இல்லேன்னா வண்டி திரும்பியிருக்கும். கையில இருந்த கப்பு போச்சு!"

டயரைக் குப்பை லாரியில் ஏற்றும்போது சுவர் மெதுவாகக் கேட்டது: "இப்பவும் நம்ம அணிதானா?"

"தோத்த வயித்தெரிச்சல்ல பேசுறார், பாவம்," என்றது டயர். "வர்ற வருஷம் பாரு, கப்பு நமக்குத்தான்."