ஜெனரேட்டர் ரூமும் பூசாரியும்

“பூட்ஸ் இல்லாம ஜெனரேட்டர் ரூமுல ஒரு வேலையும் நடக்காதுங்கிறாராம் கொடைக்கானல் பாய்.”

“நம்ம ஊருக்குள்ளயா? பூசாரி விட்ருவாராக்கும்.”

குழாயடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டது புவனாவின் காதில் விழுந்தது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஜெனரேட்டர் ரூம் இருந்த மேட்டைப் பார்த்து நடந்தாள்.

அந்த மலைக் கிராமத்துக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே கழற்றிவிட வேண்டும். போன வருஷம் ஒரு பெரிய அதிகாரியையே ஷூவைக் கழற்ற வைத்தவர் பூசாரி திருமலைச்சாமி.

கரண்ட் லைன் வராத ஊர். பொது ஜெனரேட்டர்தான். அதில் வருகிற கரண்ட் திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும். பனி இறங்கினால் புவனாவின் மகளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும். மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் ஒன்று வாங்கி வந்தாள். ஜெனரேட்டரில் மாட்டிய அன்றே அது கருகிப்போனது.

அதற்குப் பிறகுதான் ஊர் கூடிப் பேசி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கினார்கள். இனி ஜெனரேட்டர் பேட்டரியை மட்டும் சார்ஜ் பண்ணும். வீடுகளுக்குப் பேட்டரியிலிருந்து ஒரே சீராகக் கரண்ட் போகும். மாட்டித் தரக் கொடைக்கானலிலிருந்து வந்தவர் ஷபீர். ஜெனரேட்டரைத் தினமும் போட்டு அணைக்கிற பொறுப்பைப் புவனா கேட்டு வாங்கிக்கொண்டாள். புது மெஷின் வீட்டில் தயாராக இருந்தது.

ரூம் வாசலில் கூட்டம்.

“ஏன் பாய், ஒரு நாள் வெறுங்கால்ல நின்னா கொறஞ்சா போயிருவீங்க?” என்றார் பொன்னுவேல். சிரித்தார்கள்.

புவனா ஷபீரின் கால்களைப் பார்த்தாள். செருப்பில்லை. கணுக்கால் வரை செம்மண்.

“வரும்போதே கழட்டிட்டேன்ண்ணே. பலகை மேல நின்னு என் வேலையை முடிச்சாச்சு.”

“பெறகு யாருக்குப் பூட்ஸு? பேட்டரிக்கா?”

ஷபீர் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார். சின்ன அளவு.

“இந்தத் தங்கச்சிக்கு. தினமும் உள்ள வந்து கை வைக்கப் போறது அவங்கதான். எர்த் போட்டிருக்கேன். இருந்தாலும் மழை பேஞ்சா ரூமுல தண்ணி ஊறி நிக்குது. பலகை ஒரு நாள் நழுவும், ஒரு நாள் மறந்துபோகும். இதைப் போட்டுக்கிட்டு உள்ள வரட்டும். அதுக்குச் சம்மதம்னா ஃபியூஸை மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்.”

கூட்டத்துக்குப் பின்னால் திருமலைச்சாமி வந்து நின்றிருந்தார்.

“ஊருக்குள்ள செருப்புக் கெடையாது, பூட்ஸும் கெடையாது” என்றார்.

“நான் பலகையிலயே நின்னுக்கிறேன்” என்றாள் புவனா. “ஃபியூஸைப் போடுங்கண்ணே. நேத்தே பிள்ளைக்கு இழுப்பு ஆரம்பிச்சிருச்சு.”

ஷபீர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். “பிள்ளைக்கு அம்மாவும் வேணும்ல.”

“அப்ப ரூமை எல்லைக்கு வெளிய கட்டிக்குவோம்” என்றாள் கூட்டத்தில் நின்ற சுந்தராம்பாள்.

“செங்கல்லு, சிமெண்டு எல்லாம் கோவேறு கழுதை மேல ஏறி வரணும் மதினி. அதுக்குள்ள பனியே முடிஞ்சுரும்” என்றார் பொன்னுவேல்.

சுந்தராம்பாள் பூசாரி பக்கம் திரும்பினாள். “சாமிகிட்டப் பூப்போட்டாவது கேட்டுப் பாருங்களேன்.”

“இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?”

திருமலைச்சாமி விறுவிறுவென்று கோயில் பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “அந்தாளு மாற மாட்டாரு.”

ஷபீர் ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துப் பைக்குள் போட்டார். புவனா பூட்ஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இதையும் கொண்டு போங்கண்ணே.”

“இருக்கட்டும்மா. உங்க அளவுக்கு வாங்குனது, வேற யாருக்கும் சேராது.”

அவள் அதை மார்போடு பிடித்தபடி நின்றாள். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைய ஆரம்பித்தது.

கீழேயிருந்து திருமலைச்சாமி ஏறி வந்தார். ஒரு கையில் சூடத்தட்டு. தோளில் கடப்பாரை. ரூமைத் தாண்டி, கொஞ்சம் மேலே இருந்த எல்லைக் கல்லிடம் போனார். சூடம் ஏற்றினார். ஈர மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழுந்து, கல்லின் அடியில் கடப்பாரையைப் போட்டு நெம்பினார்.

“ஏலே பொன்னுவேலு, வெரசா வந்து ஒரு கை பிடி.”

இரண்டு பேருமாகக் கல்லைத் தூக்கிக்கொண்டு ரூமைக் கடந்து இறங்கினார்கள். ரூமுக்குக் கீழே, ஊர்ப் பக்கமாக அதை இறக்கி வைத்துவிட்டு, திருமலைச்சாமி புதுக் குழி தோண்ட ஆரம்பித்தார்.