குனியும் இடம்

“இஞ்சாரும், தலை கவனம்,” என்றான் தவபாலன் மனைவியிடம், முற்றத்தில் நின்றபடி. அடுக்களையின் வாசல்நிலை, அவன் தன் குள்ள உயரத்துக்கு அளந்து வைத்தது. “நாலு விரல் கூட்டி வைச்சிருந்தால் குறைஞ்சே போயிருப்பியள்?” என்று சிரித்தபடி யோகமலர் குனிந்து நுழைந்தாள். அப்போது முற்றத்தில் விழுந்த ஷெல் குண்டு அவனை எடுத்துக்கொண்டது. குனிந்திருந்தவள் தப்பினாள்.

பதினாறு வருடங்களுக்குப் பிறகு அவள் தனியொருத்தியாக அந்த வீட்டை மேடையில் நடித்துக் காட்டினாள். சுவரில்லை, கதவில்லை. வெறும் தரையில் விறாந்தை, அறை, கிணற்றடி என்று நடந்தாள். அடுக்களை வாசலில் குனிந்தாள். காணி உறுதிப் பத்திரம் எரிந்துபோனவளுக்கு அந்த நாற்பது நிமிடம்தான் வீடு.

நாடகம் முடிந்ததும் ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள். “அக்கா, அந்த வீட்டில இப்ப நாங்கள்தான் இருக்கிறம். நீங்கள் குனிஞ்சவுடன எனக்கு விளங்கீட்டுது. என்ர மனுசன்ர நெத்தி அதில இடிச்சு இடிச்சே வீங்கிப்போச்சு.”

“உடைச்சு உயர்த்தேல்லையோ?”

“இல்லையக்கா, அப்பிடியேதான் கிடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நாடகத்தில ஊர்ப்பேரைச் சொல்லாதேங்கோ. சனம் எங்களைக் கள்ளரைப் போலப் பாக்குது. எங்களுக்கும் போக வேற இடமில்லை.”

யோகமலர் தலையாட்டினாள். அடுத்த முறை ஊரின் பெயரை விழுங்கினாள். கிணற்றைப் பின்பக்கம் மாற்றினாள், விறாந்தையை எடுத்தேவிட்டாள். எல்லாருக்கும் பொதுவான வீடு என்று பாராட்டினார்கள், கைதட்டலும் கூடியது. அடுக்களைக்குள் நிமிர்ந்தே நுழைவதென்றுதான் நினைத்திருந்தாள். வாசலில் முதுகு குனிந்தது.