முன்வரிசைக் கேள்வி

"அந்த வெளிநாட்டு ராணுவ ஹெலிகாப்டர்ல நீ ஏறக் கூடாது, சொல்லிட்டேன்!" காலையிலேயே தாம்தூமென்று குதித்தான் கணவன்.

"உள்ளூர் நிருபர்கள் எல்லாரும் வர்றாங்க. நான் மட்டும் பயந்துகிட்டு வீட்ல உக்காரணுமா?"

"இந்த மாசத்துல மட்டும் ரெண்டு தடவை பாதி வழியில மக்கர் பண்ணி இறங்கியிருக்கு. விஷயம் தெரிஞ்சுதான் சொல்றேன்."

"அப்படின்னா கட்டாயம் போவேன்." அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

விமானத் தளத்தில் வெளிநாட்டு அதிகாரி பேசப் பேச, பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் மைக்கைப் பிடித்து அளந்தான்: "எங்க ஹெலிகாப்டர் நூத்துக்கு நூறு பாதுகாப்பானது. ஒரு தடவைகூடக் கோளாறு வந்ததில்ல. கேள்வி இருந்தா கேக்கலாம்."

முன்வரிசையில் அவள் எழுந்தாள்.

"கேள்வி அதிகாரிக்கு இல்ல, உங்களுக்குத்தான் சார். காலையில உங்க பொண்டாட்டிகிட்ட சொன்னதை மைக்கிலயும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."