அம்சம் கடல் பார்த்த நாள்

காரின் பின்கதவை மிராசுதாரே திறந்துவிட்டார். அவர் நிலத்தில் உழுகிற ஐயாவு அப்போதே முகம் வெளுத்துப்போனான்.

அவனும் அவன் பெண்சாதி அம்சமும் ஏறி, சீட்டில் உட்காராமல் கீழே காலடியில் குந்திக்கொண்டார்கள். மேலே உட்காரச் சொன்னேன். ஐயாவு சீட்டின் விளிம்பில் தொற்றிக்கொண்டான். அம்சம் அசையவில்லை.

அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அன்றைக்கு என் வேலை. சுவாமிமலை, கும்பகோணம், அப்புறம் பூம்புகார்க் கடல். வாடகைக் கார் என்னுடையது, ஏற்பாடு மிராசுதார் பஞ்சநதத்தினுடையது. இருபது வருஷம் என் நிலத்தில் பாடுபட்டவன், ஒரு நாளாவது சாமியும் சமுத்திரமும் பார்க்கட்டும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று ஐயாவு நினைத்திருப்பான். நினைக்காமல் என்ன செய்வான்?

மறுநாள் வெள்ளிக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. குத்தகைக்கு உழுகிறவன் அதிகாரி முன்னால் வந்து பேர் சொல்லிப் பதிந்துகொண்டால், அவனை நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஐயாவு உழுதது மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். பதிந்துகொள்ளப் போவதாக அவன் டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதற்கே குடிசைகள் எரிந்த காலம் அது.

பேர் சொல்லப் போகிறவனை, முந்தின நாள் மிராசுதார் காரில் ஏறச் சொல்கிறார். மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. ஏறிவிட்டான்.

சுவாமிமலையில் நான் கீழேயே நின்றேன். அம்சம் அவ்வளவு பெரிய கோயிலுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் பத்து நிமிஷத்தில் விபூதியோடு இறங்கி வந்துவிட்டார்கள். சாமி கும்பிட்ட முகமாக இல்லை. அப்படியே ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள்.

கும்பகோணத்து ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஐயாவு இலையைத் தொடாமல் என் வாயையே பார்த்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் இலையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துத் தின்று காட்டினேன். பிறகுதான் அவன் சாப்பிட்டான். அம்சம் தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாயவரம் தாண்டி வெகுதூரம் போனதும் வயல் முடிந்து சவுக்குத்தோப்பு வந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அம்சமும் இப்போது சீட்டில் இருந்தாள். இருவரும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கடலைக் கண்டதும் ஐயாவு மணலில் உட்கார்ந்துவிட்டான். வாய்க்காலும் ஆறும் பார்த்தவன், அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. அதற்குள் ஆளைத் தள்ளினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவன் நினைப்பது எனக்கே தெரிந்தது.

"என்னைய என்ன வேணாலும் செய்ங்க ராவுத்தரே. அம்சத்த மட்டும் ஊருல கொண்டுபோயி விட்டுடுங்க. நாளைக்கி அது போயி எம்பேரச் சொல்லிக்கும்."

செத்தாலும் பேர் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு.

"அல்லா மேல ஆணை. பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேரையும் வீட்டு வாசல்ல விடுறேன்."

ஆணையென்றதும் நம்பினான். நம்பி அழுதான். அம்சம் முந்தானையை அவிழ்த்து, மணலில் உட்கார்ந்து அந்த இட்லியைத் தின்றாள். பிறகு எழுந்துபோய்க் கணுக்கால் அளவு அலையில் நின்றாள். அலை வந்து மோதியதும் சிரித்தாள். அவள் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்றரை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள் என்று நானே சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள் காலனி வாசலில் இறக்கிவிட்டேன். ஐயாவு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். சாமி மாதிரி மனுஷனைச் சந்தேகப்பட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மிராசுதாருக்குத் தன் கும்பிட்டைச் சொல்லச் சொன்னான். அம்சம் என் முகத்தைச் சுற்றிக் கையெடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் படபடவென்று முறிந்தன.

விசாரணை நாளைக்கு இல்லை. ஒரு நாள் முன்னதாக நடந்து, அன்றைக்கே முடிந்துவிட்டிருந்தது.

தேதி மாறியதைத் தலையாரி தமுக்கடித்துச் சொன்னது பெரிய தெருவோடு சரி. காலனிப் பக்கம் போகவேண்டாம் என்று அவனுக்கு உத்தரவு. காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் மிராசுதார் என்னிடமும் ஒன்று சொன்னார். அதிகாரி மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார், அதுவரை உன் வண்டி ஊருக்குள் வரக்கூடாது, சேக் தாவூது.

என் கார் நிற்பது அவருடைய கொட்டகையில். என் பிள்ளைகுட்டி இருப்பது அவருடைய மனையில். பயந்துபோய்ச் சரி என்றேன். கடற்கரையிலிருந்து அப்போதே திரும்பியிருந்தால் ஒன்றரை மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தியிருக்கலாம். அங்கேயும் பயம்தான். அவனாவது பெண்சாதிக்காகக் கேட்டான். நான் வாயே திறக்கவில்லை.

காரைக் கிளப்பினேன். அம்சம் ஜன்னலில் கை வைத்து, நாளைக்கு எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும் என்று கேட்டாள்.

பத்து மணிக்குப் போனால் போதும் என்றேன்.